பன்னிரண்டு மூட்டை மந்தாரை இலை

எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே நடந்துகொண்டிருந்தேன். காலை வெயில் முதுகில் அடித்தால் மேற்கு. அதற்கு மேல் எனக்குத் திசை தெரியாது. கரும்பு வெட்டும் கூட்டத்தை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. ஆலையிலிருந்து அடுத்த வெட்டு உத்தரவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் கொல்லை ஓரத்தில் கொசுவோடு உட்கார்ந்திருக்கக் கூலி கிடையாது என்றும் சொன்னார்கள். இரண்டாவது செய்தியைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டேன்.

பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு போர்வை, இரண்டு கிலோ அச்சு வெல்லம். வெல்லம் என்னுடையது அல்ல. கூட்டத்தில் கல்வராயன் மலைக்காரன் ஒருவன் இருந்தான், ஆண்டி என்று பெயர். அவனுடைய அக்கா அலமேலு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறாள், இந்த வெல்லத்தைக் கொடுத்தால் சோறு போடுவாள், வேலை ஏதாவது இருந்தால் சொல்லுவாள் என்றான். நீயே கொண்டுபோகலாமே என்றேன். "ஒன்ன பார்த்தா யாரும் செக் பண்ண மாட்டாங்க" என்றான்.

வெல்லத்தை எதற்காகச் சோதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கேள்வி எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

என் ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோருக்கும் உப்பளத்தில் வேலை. எனக்கு மட்டும் ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கால் தங்காது. இதை வியாதி என்று அம்மா ஒருமுறை மருந்து வாங்கிக் கொடுத்தாள். வயிற்றுப்போக்கு வந்தது.

ஒரு டிராக்டர் நின்று ஏற்றிக்கொண்டது. மரவள்ளிக் கிழங்கு லோடு. கிழங்கின் மேல் உட்கார்ந்து தியாகதுருகம் வரை வந்தபோது பின்சக்கரம் பஞ்சரானது. பாதிக் கிழங்கை இறக்கினால்தான் ஜாக்கி தூக்கும் என்றார் ஓட்டுநர். இறக்கினேன். சக்கரம் மாற்றியபின் ஏற்றினேன். இலவசமாகச் செய்த பயணங்களில் இதுதான் எனக்கு அதிகம் செலவானது. கூலியாக நான்கு கிழங்கு கொடுத்தார். அதைக் கள்ளக்குறிச்சியில் ஒரு டீக்கடைக்காரரிடம் கொடுத்து இரண்டு டீ குடித்தேன்.

அன்று இரவு பரோட்டா. வாழை இலைப் படம் அச்சடித்த காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். நடு நரம்பு, பக்க நரம்பு எல்லாம் தெளிவாக இருந்தன. சால்னா அதன்மேல் முத்து முத்தாக உருண்டது, பிளாஸ்டிக் பூச்சு. கடையின் பின்புறம் நிஜமான வாழை மரம் ஒன்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். தூக்கம் பேருந்து நிலையத்தில்.

மறுநாள் வியாழக்கிழமை, மலைப் பேருந்து. ஏறும்போதே கூட்டம். என் மடியில் யாரோ ஒரு கோழியை வைத்தார்கள், யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. ஒரு காவலர் ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பையை அமுக்கியதும் நின்றார்.

"இன்னா இது?"

"வெல்லம் சார்."

"மலைக்கி எதுக்கு வெல்லம்?"

"பொங்கலுக்கு."

"பொங்கல் முடிஞ்சி பத்து நாளாச்சி. எறங்கு."

இறங்கினேன். அவர் பொறுமையாக விளக்கினார். மலைமேல் வெல்லம் ஏறினால் சாராயமாகத்தான் கீழே இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் அளவுக்கு மேல் வெல்லம் ஏறக் கூடாது. எது அளவு என்று கேட்டேன். "இது ஜாஸ்தி" என்றார். வெல்லத்தை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். என் பெயர், ஊர் எழுதிக்கொண்டார். வேதாரண்யத்துக்காரன் கல்வராயன் மலைக்கு வெல்லம் கொண்டுபோவது அவருக்கு எந்த வகையிலும் விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. எழுதி முடித்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. கோழியும் அதில் போனது.

அடுத்த பேருந்து சாயங்காலம்தான் என்றார்கள். நடந்தேன். எங்கள் ஊரில் உயரமானது என்றால் உப்புக் குவியலும் கலங்கரை விளக்கமும். இங்கே சாலை சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வளைவில் கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஏறிய பிறகும் அதே அணைதான் தெரிந்தது. பாதியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அலமேலு வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலப் பேருந்தும் வந்து சேர்ந்திருந்தது. காத்திருந்திருந்தால் நடக்காமலே வந்திருக்கலாம்.

அலமேலுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். விஷயத்தைச் சொன்னேன். வெல்லம் போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

"அந்த அறிவு கெட்டவன் குடுத்தா நீ வாங்கிக்கினு வந்துடுவியா தம்பி?" என்றாள். பிறகு, "சாப்டியா?" என்றாள்.

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு எங்கள் கடற்கரைப் பக்கத்துச் சரக்கு, பார்த்தவுடன் தெரிந்தது. ஊரில் நாய் முகர்ந்துவிட்டுப் போகும் ரகம். மலை ஏறியதும் அதற்கு மரியாதை கூடியிருந்தது, துண்டு எண்ணிப் போட்டார்கள். குளிரில் அது நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். தகரக் கூரை, மூன்று பக்கம் தடுப்பு. பதினொரு பெண்கள் சேர்ந்து நடத்தும் இலைத் தொழில் அங்கேதான் நடக்கிறது. மந்தாரை மரம் இந்த மலையில் நிறைய. அதன் இலை மாட்டுக் குளம்பு போல நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பறித்து, காயவைத்து, அடுக்கி, கல் ஏற்றி அமுக்குகிறார்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, எட்டு ஒன்பது இலைகளை வட்டமாகச் சேர்த்து மூங்கில் ஈர்க்கால் தைத்தால் ஒரு சாப்பாட்டு இலை. தையலிலை என்கிறார்கள்.

இதுவரை அவர்கள் தைத்து விற்றதில்லை. ஒரு வியாபாரி லாரியில் மேலே வந்து காய்ந்த இலையை எடைபோட்டு வாங்கிப்போவார். தைப்பதும் விற்பதும் வேறு ஊரில். நாமே தைத்தால் என்ன என்று அலமேலுதான் ஆரம்பித்திருக்கிறாள். ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து பாராட்டி, பசுமைத் தொழில் என்று பலகை மாட்டி, சூடாக அழுத்தித் தட்டு செய்யும் இயந்திரம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் இந்த ஊருக்கு வரவில்லை. இயந்திரத்தின் அச்சுக் குழி கோழி முட்டையிட வசதியாக இருக்கிறது. கையால் தைக்கிறார்கள்.

இலை பறிப்பதில் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொழுந்து கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது, உச்சிக் கிளையைத் தொடக் கூடாது. தொட்டவள் ஒரு வாரம் கொட்டகைக்கு வரக் கூடாது. போன மாதம் அப்படி ஒரு வாரம் வெளியே நின்றவள் அலமேலுவேதான் என்று பச்சியம்மா என்பவள் சொன்னாள். பச்சியம்மா வயதில் இளையவள். கொட்டகையில் எதையும் பொத்தி வைக்க அவள் விடுவதில்லை.

"சட்டம் போட்டதே அந்தக்கா தான். ஒரு வாரம் வேலிக்கி அந்தாண்ட நின்னுக்கினு எங்களுக்கு வேல சொல்லிச்சி" என்றாள். அலமேலு காதில் வாங்காதவள் போல ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தாள்.

அன்று தைத்துக்கொண்டிருந்தது கள்ளக்குறிச்சியில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்த ஒரு கல்யாணத்துக்கு. ஒரு சமையல் மாஸ்டர் ஆயிரம் இலை கேட்டிருந்தார். சரியாக இருந்தால் தொடர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார். இவர்கள் ஆயிரத்து இருநூறு தைத்தார்கள். கூடுதல் எதற்கு என்று கேட்டேன்.

"ஆயிரம் பேர அழைச்சா ஆயிரம் பேரா வருவாங்க?" என்றாள் அலமேலு. "அழைக்காதவன் தான் பசியோட வருவான்."

மலையில் எந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் தைப்பார்களாம். மாஸ்டர் ஆயிரத்துக்குத்தான் கொடுப்பார் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கை கேட்கவில்லை.

ஈர்க்கு கிழிக்க என்னையும் உட்காரவைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று விரலில் துணி சுற்றியிருந்தேன். வேலை செய்துகொண்டே கேட்டதில் விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை மேஸ்திரி வேனோடு வருவார். கேரளத்தில் மிளகு பறிக்க ஆள் கூட்டிப்போவது வருடா வருடம் நடப்பது. அலமேலுவும் பச்சியம்மாவும் இன்னும் மூன்று வீட்டாரும் பெயர் கொடுத்திருந்தார்கள். போனால் திரும்ப இரண்டு மாதம் ஆகும். போன வருடம் அலமேலு போய்த் திரும்பியபோது மூத்த மகள் பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். இளையவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மாஸ்டர் இலையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆர்டரும் கொடுத்தால் அலமேலு வேன் ஏற மாட்டாள். இல்லையென்றால் ஏறுவாள். இதை அவள் சொன்ன குரலில் பேருந்து நேரம் சொல்வதற்கு மேல் எதுவும் இல்லை.

சாயங்காலம் நூறு நூறாக அடுக்கிப் பன்னிரண்டு கோணிச் சாக்கில் போட்டார்கள். சாக்கின் வாயைக் கட்டச் சணல் கயிறு இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தைக்கத் தெரிந்தவர்கள் எதையும் கட்ட மாட்டார்கள். மூங்கில் ஈர்க்கால் சாக்கு வாயை நெருக்கமாக, அழகாக, சாமானியத்தில் பிரிக்க முடியாதபடி தைத்துவிட்டார்கள். எனக்கு அது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை முதல் பேருந்து. அலமேலு, பச்சியம்மா, மூட்டை தூக்க நான். பன்னிரண்டு மூட்டையையும் கடைசி இருக்கைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். எடையே இல்லை. சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. ஏறியவர் அதே காவலர். மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வெல்லம் கொண்டாந்தவன் தான?"

"ஆமா சார்."

"முந்தாநாளு வெல்லம் ஏறுது. இன்னிக்கி மூட்ட எறங்குது" என்று தனக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டார். என்னிடமிருந்த வெல்லம் அவர் மேஜைக்கு அடியில் தங்கிவிட்டதை நினைவுபடுத்தினேன். அது அவருடைய கணக்கை மாற்றவில்லை.

"இலைங்க சார். கல்யாணத்துக்கு" என்றாள் அலமேலு.

"பிரிச்சிக் காட்டு."

அலமேலு ஒரு மூட்டையின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். நன்றாகத் தைத்த தையல். ஓட்டுநர் ஒலி எழுப்பினார். பயணிகளில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்றார். அலமேலு பாதி வாய்கூடப் பிரிக்கவில்லை. வியாபாரியின் லாரிக்குச் சோதனை கிடையாது என்பதால் இலை மூட்டையை இங்கே பிரிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. காவலர் இறங்கிப்போய் ஒரு கம்பியோடு வந்தார். கூர் தீட்டிய நீளக் கம்பி. உள்ளே சாராயப் பை இருந்தால் குத்தும்போது தெரிந்துவிடும். முதல் மூட்டையின் வாயில் நடுவாக வைத்து அடிவரை இறக்கினார். உருவி முனையை முகர்ந்தார். அடுத்த மூட்டை. பன்னிரண்டையும் அவர் ஒழுங்காகச் செய்தார். ஒன்றிலும் கோணலாகக் குத்தவில்லை.

"எல தான். போங்க" என்றார்.

வண்டி நகர்ந்தபின் அலமேலு முதல் மூட்டையைப் பிரித்து முடித்தாள். மேலே இருந்த இலையின் நடுவில் ஓட்டை. ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. கம்பி நுழைந்த இடத்தில் இலை கிழிந்து, இரண்டு விரல் போகும் அளவுக்கு இருந்தது. அடியில் இருந்த மூன்று மட்டும் தப்பியிருந்தன.

பச்சியம்மா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "கயிறு உட்டா மாலையா கோத்து மாப்ளைக்கே போட்டுடலாம்" என்றாள்.

"வாய மூடிக்கினு வா" என்றாள் அலமேலு.

அடுத்த மூட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்துத் திருப்பிவிட்டால் ஓட்டை மறையாதா என்று நான் மனதுக்குள் யோசித்தேன். நடுவில் இருக்கும் ஓட்டை எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் இருக்கும் என்று புரியக் கொஞ்ச தூரம் ஆயிற்று.

மண்டபத்தின் பின்கட்டில் மாஸ்டர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பருத்த மனிதர், மெதுவாகப் பேசுபவர். ஓர் இலையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாக எங்கள் மூவரையும் பார்த்தார்.

"ரசம் ஊத்துனா பந்தியில ஒக்காந்தவன் மடியில போய் நிக்கும். இன்னா அலமேலு இது?"

நடந்ததைச் சொன்னாள். அவர் காவலரையும் திட்டவில்லை, எங்களையும் திட்டவில்லை. மூலையில் இருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினார். வாழை இலைப் படம் போட்ட காகிதம், சுருள் சுருளாக.

"ஆறு மணிக்கி பந்தி சாமான் எடுத்து வெப்பேன். அப்ப எல இருந்தா எல. இல்லன்னா அந்தப் பெட்டிய பிரிப்பேன். வேற ஒண்ணும் நான் சொல்றதுக்கில்ல."

மணி பன்னிரண்டு. அலமேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் இலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தையலை உருவி, நடுவில் கிழிந்த இலையை எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் அடுக்கினாள். முழு இலை எட்டு.

"ஒண்ண பிரிச்சா எட்டு. எட்டு ஓட்டைய அடைக்கலாம்" என்றாள். "ஆயிரம் ஓட்டைக்கி நூத்தி இருவத்தஞ்ச பிரிக்கணும். கூட எரநூறு இருக்குதில்ல?"

அழைக்காமல் வருகிறவர்களுக்காகத் தைத்த இருநூறு. ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தாள். பச்சியம்மா பிரிப்பாள், அலமேலு தைப்பாள். எனக்கு ஈர்க்கு. டவுனில் மூங்கிலுக்கு எங்கே போவது? தென்னந்துடைப்பம் வாங்கி வரச் சொன்னாள், புதியதாக. கடைத்தெருவில் ஆறு துடைப்பம் வாங்கினேன். கடைக்காரர் ஆறு எதற்கு என்றார். கல்யாண வீட்டுக்கு என்றேன். பெரிய குப்பை போல என்றார்.

ஓட்டையை எந்தப் பக்கம் அடைப்பது என்பதில் சிக்கல். அடியில் வைத்தால் ரசம் இடுக்கில் இறங்கும். மேலே வைத்தால் சாப்பிடுகிறவன் விரலில் ஈர்க்கு குத்தும். அலமேலு மூன்று இலைகளைப் பாழாக்கிப் பார்த்தாள். நான்காவதில் மேலே வைத்து, விளிம்பில் மட்டும் நான்கு தையல் போட்டு, ஈர்க்கு முனைகளை அடிப்பக்கம் மடக்கினாள். மாஸ்டரிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு கரண்டி ரசம் ஊற்றி, சிமெண்டுத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்தார். வெற்றிலை போட்டு மென்று துப்பும் வரை காத்திருந்தார். இலையைத் தூக்கினார். தாள் உலர்ந்திருந்தது.

"ஆறு மணி" என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேர் போதவில்லை. இரண்டு மணிக்கு நூற்றைம்பதுகூடத் தாண்டவில்லை. பாத்திரம் கழுவ வந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷச் சாராயத்தில் அத்தனை பேர் செத்த கருணாபுரத்துக்காரி. எந்த ஊர் என்று அலமேலுவிடம் கேட்டாள். மலை என்றாள் அலமேலு. அந்தப் பெண் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கொட்டகையில் ஒரு நீல பேரல் இருந்ததை நான் பார்த்திருந்தேன். இப்போது இலை கழுவும் தண்ணீர் அதில் இருக்கிறது, முன்பு சாராய ஊறல் இருந்தது என்று அலமேலு சொல்லியிருந்தாள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு குடிச்சே போனாரு" என்றாள் அவள். "உங்க மலையிலேந்து எலையாச்சும் எறங்கட்டும்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட வேலை செய்த மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

அலமேலு அவளுக்கு முதல் தையலைக் காட்டிக்கொடுத்தாள். கடைசி ஒரு மணி நேரம் நானும் தைத்தேன். மாலை ஐந்தரைக்கு ஆயிரத்து நாற்பது இலை தேறியது. பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. மாஸ்டர் அவற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பிரிக்காமல் போய்விட்டார். பாத்திரத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கழுவினோம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பின்கட்டு வாசலில் நின்று பந்தியைப் பார்த்தோம். நான் இதுவரை எத்தனையோ கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றிலும் இலையைப் பார்த்ததில்லை. அன்று சோற்றையே பார்க்கவில்லை. சாம்பார் போனது. ஒருவர் குழி தோண்டி ரசம் கேட்டார். அலமேலு என் முழங்கையைப் பிடித்திருந்தாள், துணி சுற்றிய விரல்களைவிட அது வலித்தது. ரசம் நின்றது.

எல்லாமே நின்றது என்று சொல்ல முடியாது. மூன்று இலை ஒழுகின. ஒன்று பட்டு வேட்டிக்காரர் மடியில். மாஸ்டர் ஓடிப்போய் வேறு இலை போட்டு, இரண்டு ஜிலேபி கூடுதலாக வைத்தார். வேட்டிக்காரர் அமைதியாகிவிட்டார். மூன்றில் ஒன்று நான் தைத்தது என்று பச்சியம்மா உறுதியாகச் சொன்னாள். அவளால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது என்று தெரியவில்லை.

பெண் வீட்டார் ஒருவர் கை கழுவ வந்தவர் நின்று, நடுவில் மாட்டுக் குளம்பு மாதிரி இலை வைத்திருப்பது மலைக்காரர்கள் டிசைனா என்று விசாரித்தார்.

"ஆமாங்க. ரொம்ப பழைய டிசைன்" என்றாள் பச்சியம்மா. "நேத்துலேந்து."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். எச்சில் இலைகளை மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியதும் மாடுகள் வந்தன. பாதி அவை தின்றன. மீதியை ஒருவர் எருக்குழிக்கென்று தள்ளுவண்டியில் வாரிப்போனார். அரை மணி நேரத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டதற்கான அடையாளம் அங்கே இல்லை.

மூன்று மணிக்கு மாஸ்டர் எங்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார், எங்கள் இலையிலேயே. தானும் எதிரே உட்கார்ந்தார். மோர் ஊற்றும்போது ஆரம்பித்தார்.

"நடுவுல ஒரு எல சேர்த்து வெச்சியே, அப்பிடியே குடு. சும்மா தச்சதவிட இது தாங்குது. மாசத்துக்கு ரெண்டு முகூர்த்தத்துக்கு வாங்கிக்கிறேன். நாலு சொல்லியிருந்தேன், முடியாது. பெரிய எடத்துல வாழ எல தான் கேக்கறாங்க."

பாதிதான். அலமேலு மோரைக் குடித்து முடித்தாள்.

"ஒரு எல கூடப் போவுதுங்க மாஸ்டர். அத சேர்த்துத்தான் வெல சொல்லுவேன்" என்றாள். "இன்னொண்ணு. வண்டிய நீங்க மேல அனுப்பணும். மூட்டைய உங்க ஆளு முன்னாடிதான் கட்டுவேன். உங்க வண்டிக்கி யாரும் கம்பி எடுத்துக்கினு வரமாட்டாங்க."

"கட்டுவியா, தைப்பியா?"

"கட்டுவேன்."

அவர் சிரிக்கவில்லை. சரி என்று எழுந்து கை கழுவப் போனார்.

கடைசிப் பேருந்தில் மலை ஏறினோம். பன்னிரண்டு காலிச் சாக்குகளையும் மடித்து மடியில் வைத்திருந்தாள் அலமேலு. மாதம் இரண்டு முகூர்த்தம் என்றால் எத்தனை வீட்டுக்குத் தாங்கும் என்று இருவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வீட்டுக்குத் தாங்காது, மூன்று வீட்டுக்குத் தாங்கும் என்று முடிவானது. அலமேலு வீடு, பச்சியம்மா வீடு, கைக்குழந்தை இருந்த இன்னொரு வீடு. மற்ற இரண்டு வீட்டாரிடம் அலமேலு அன்றைக்கே போய்ச் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை.

கொட்டகையில் என்னையும் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஈர்க்கு கிழிக்க இப்போது கொஞ்சம் கை வந்திருந்தது. அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வீட்டுக்கே எண்ணி எண்ணிப் பார்த்த சோறு.

திங்கட்கிழமை விடிந்ததும் வேன் வந்தது. மேஸ்திரி இறங்கி நோட்டைப் பிரித்தார். இரண்டு வீட்டார் தூக்குச் சட்டியும் போர்வையுமாக ஏறி உட்கார்ந்தார்கள். அலமேலு வேன் பக்கத்தில் போய், தன் வீடு, பச்சியம்மா வீடு, கைக்குழந்தை வீடு மூன்றின் பெயரையும் அடித்துவிடச் சொன்னாள்.

"பேரு குடுத்துட்டு இப்ப வந்து சொன்னா எப்பிடிம்மா? ஆறு ஆளு கொறையுது. ஓனருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பொண்ணுக்குப் பரிச்ச இருக்குதுங்க. வரல."

"போன வருசமும் பரிச்ச இருந்துச்சி, வந்தியே."

"அதனாலதான் இந்த வருசம் வரல" என்றாள் அலமேலு.

மேஸ்திரி பேனாவை நோட்டில் தட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்தார். வேலிப் பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். அலமேலுவும் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி சும்மாதான் கீது" என்றாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். மேஸ்திரி அலமேலு என்ற பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார். அலமேலு உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும், தையலிலையில் மடித்தது. நடுவில் இன்னோர் இலை வைத்துத் தைத்திருந்தாள். அன்றைக்கு இலை பறிக்கிற முறை அவளுடையது. கூடையை எடுத்துக்கொண்டு பச்சியம்மாவோடு மேட்டுப் பக்கம் ஏறிப் போனாள்.

மிளகு பறிக்கத் தெரியுமா என்று மேஸ்திரி கேட்டார். தெரியும் என்றேன். ஏணியில் ஏறுவியா என்றார். ஏறுவேன் என்றேன். எவ்வளவு உயரம் என்று வேன் சேலத்தைத் தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

முப்பது அடி என்றார்.